அடுத்த முறை எங்களுடையது

எனக்கு அப்போது கோபம் மூக்குக்கு மேல் வரும். இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் காசநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சி ஒன்றில் ஊசி போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கருங்குழிப் பக்கம் சில நாள், கடலோரம் சில நாள் என்று ஜீப்பில் ஊர் ஊராகப் போவோம். அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம், "எம் பொண்ணு நாட்டுக்காக வேலை செய்யுது" என்று சொல்லி மானத்தை வாங்குவார். சும்மா இருங்களேன் என்று சிடுசிடுப்பேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் கிடக்கும்.

சில புட்டிகளில் மருந்து இருக்கும், சிலவற்றில் வெறும் உப்புநீர். எது எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பல வருஷம் காத்திருந்து, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சத்தியமாகச் சொல்ல முடியும். இதை மக்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் கையைத் தொட வேண்டும் என்பதில் எங்கள் டாக்டர் கறாராக இருந்தார். மற்ற ஊர்களில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த ஒரு மீனவர் குப்பத்தில் மட்டும் அந்தப் பாடே இல்லை. கோயில் முன்னால் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. டாக்டர் பேசி முடித்ததும் ஊர்த் தலைவர் கேட்டார்.

"அப்போ யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணின்னு சீட்டு குலுக்கிப் போட்ற மாரி. அதானே சார்?"

"அதேதான் பெரியவரே. இதைவிட நல்லா என்னாலேயே சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"அப்போ சரி. எங்களுக்குப் பழக்கம்தான்."

சண்டையில்லை, முணுமுணுப்பில்லை. வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். செங்கல்பட்டு வந்து சேரும்வரை டாக்டர் ஜீப்பில் அந்த ஊரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நானும் ஆமாம் போட்டேன்.

மருந்து விழுந்த கையில் சில வாரத்தில் கொப்புளம் கட்டி, உடைந்து, தழும்பாகும். உப்புநீர் விழுந்த கையில் ஒன்றும் இருக்காது. அதனால் யாருக்கு எது விழுந்தது என்று குப்பத்துக்கே சீக்கிரம் தெரிந்துபோனது. அங்கே மீன் விற்கும் ஓர் அக்கா இருந்தாள். அவள் புருஷனுக்கு ஏற்கெனவே இந்த நோய். எங்கள் மாத்திரையில்தான் இருந்தான். ஒரே பெண் குழந்தை. அந்தப் பிள்ளையின் கை தழும்பில்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நோயாளியோடு ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளை.

அக்காவோ சிரித்தாள். "எம் பொண்ணுக்குத் தண்ணிதான் வுழுந்துகீது. வுடும்மா. அடுத்த மொற எங்களுது."

"என்ன அடுத்த முறை?"

"இன்னாம்மா தெரியாத மாரி கேக்குற?"

பிறகு அவளே விளக்கினாள். கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலையை விரிக்க அந்தக் கடலோரத்தில் நல்ல இடம் ஒன்றுதான் இருந்தது. யார் விரிப்பது என்று சீட்டு குலுக்குவார்கள். சீட்டில் விட்டுப்போனவனுக்கு மறுநாள் சீட்டுக் குலுக்காமலே முதல் முறை. அதை யாரும் வாயால் சொல்வதுகூட இல்லை. சீட்டு என்றால் அவர்களுக்கு அவ்வளவும் சேர்ந்ததுதான். ஊர் அத்தனை அழகாகக் கையை நீட்டியதும் அந்த நம்பிக்கையில்தான்.

எங்கள் திட்டத்தில் அடுத்த முறை என்று எதுவுமே கிடையாது.

டாக்டரிடம் ஓடினேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "இந்த ஊருக்குப் போட்டால் எல்லா ஊருக்கும் போடணும்மா. அப்புறம் மருந்து நல்லதா இல்லையான்னு இந்த நாட்டுக்கு யாராலும் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம், அதுதான் எரிச்சலாக இருந்தது. மறுநாளே குப்பத்துக்குப் போய், தலைவரை உட்கார வைத்துக்கொண்டு, அடுத்த முறை கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. முறை இல்லாத சீட்டு அவர்கள் பார்த்ததே இல்லை.

அக்காவைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சினேன். "மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கேட்டா போடுவாங்க. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ அக்கா. நான் கூட வரேன்."

"எங்க மொற இங்க நிக்கிது. அத்த வுட்டுட்டு வேற எடத்துல போயி ஏன் கை நீட்டணும்?"

கத்தினேன்கூட. அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சளி எடுக்க, மார்புப் படம் எடுக்க என்று நாங்கள் போகும்போதெல்லாம் அக்காவின் பெண் முதல் ஆளாக வந்து, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி நிற்பாள். "இன்னிக்கு இல்லம்மா" என்பேன். சரி என்று சுருட்டியதை இறக்கிக்கொள்வாள். அழுதால்கூடத் தேவலை என்று இருக்கும். அவள் ஆளாகி, தாவணி போட்ட பிறகும் வந்து நின்றாள். அப்புறம் ஒரு தடவை அவள் சளியில் கிருமி இருந்தது. மாத்திரை கொடுத்தோம், ஊசி போட்டோம். அந்த மழைக்காலத்தில் ரத்தமாகக் கக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

எழுபதுகள் முடியும்போது முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரலில் வரும் நோயை அந்த மருந்து தடுக்கவில்லை. போட்டுக்கொண்டவர்களுக்கும் உப்புநீர்க்காரர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உலகத்துக்கே தெரிய வேண்டிய உண்மை, அதில் என் கை உழைப்பும் இருக்கிறது. பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அக்காதான். உன் மகளுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று சொல்லலாம், அவள் மனம் ஆறும் என்று நினைத்தேன். மத்தியான பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

கரையில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். சொன்னேன். உரசுவதை நிறுத்தவில்லை.

"அப்போ எங்க மொற வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்ற."

"ஆமாக்கா. மருந்து விழுந்திருந்தாலும் இதேதான்."

கையிலிருந்த மீனை உரசி முடித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"டாக்டரு வந்து அப்பறமா சொன்னாரு. அத்த மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல, இந்தச் சீட்டுக்கு மொற கெடையாதுன்னு. அப்பவும் நாங்க கை நீட்டிதான் இருப்போம். புள்ள காத்துகினு இருந்திருக்க மாட்டா."