ரெபேக்காளின் உள்ளங்கை

ரயில் பரனூர் தாண்டியதும் ரெபேக்காள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, அரிக்கும் இடத்தைச் சீப்பின் முதுகால் தேய்க்கத் தொடங்கிவிடுவார். நகம் கூடாது, புண்ணாகிவிடும். வேலைக்கு இறங்கும் பொத்தேரியை அடைவதற்குள் இரண்டு கையும் கழுத்தும் முடிந்தாக வேண்டும். அடுப்படியில் நின்று சொறிய முடியாது. புடவைக்கு மேல் போட்டிருப்பது மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை. பக்கத்தில் இருக்கும் பெண் சிவந்த தடிப்புகளைப் பார்த்துச் சற்று நகர்ந்தால் போதும்.

"ஒட்டிக்காதும்மா, குந்து. ஒட்டிக்கிற நோவா இருந்தா மொதல்ல எங்க மொதலாளிக்கில்ல ஒட்ட வச்சிருப்பேன்?"

ஐம்பத்தோரு வயது. கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் பதினோரு ஆண்டாகச் சமையல். காலையில் முந்நூறு பேருக்கு இட்லி, வேர்க்கடலைச் சட்னி. தட்டில் மிச்சம் வைக்கிறவன் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வார். மறுநாள் அவன் தட்டை நீட்டினால், "நேத்து ஒண்ண வேஸ்ட் பண்ண ஜோயலு, உனுக்கு இன்னிக்கி நாலு இல்ல, மூணுதான்" என்பார். வரிசையே சிரிக்கும்.

தடிப்பு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. யாரோ அவர் கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். "இனிமே முன்னாடி வராதக்கா" என்றார் மெஸ் முதலாளி ரமேஷ். "கை சரியாவலன்னா பாத்திரம் கழுவப் போயிடு. அடுப்புக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்." கூடவே ஒரு டப்பா பொடியும் கொடுத்தார். "எல்லாம் கொடல்ல கீற அழுக்கு. இத்த குடி, தோலு பளபளன்னு ஆயிடும்."

மூன்று நாள் வயிற்றுப்போக்கு. தடிப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. டப்பாவை முதலாளியின் மேசையில் டொக்கென்று வைத்தார். "அழுக்கு எங்க கீதுன்னு எனுக்குத் தெரியும். நீயே குடி."

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்படி அடித்துப் பேசவில்லை. "வயித்துக்கும் தோலுக்கும் சம்பந்தம் இருக்கலாம்மா. இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. உங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு தனியாப் பார்க்கணும்." ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு வேர்க்கடலை மேல் சந்தேகம் விழுந்தது. அதை அடியோடு நிறுத்தச் சொன்னார். சாப்பிடுவதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். மூச்சு அடைத்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றும் எச்சரித்தார்.

ரெபேக்காள் எழுதினார். கஞ்சி, மோர், ரசம், மறுபடி கஞ்சி. மூன்று வாரம் கடலை மிட்டாய்கூட இல்லை. தடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "மறந்து எதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் வந்ததே கோபம்!

"பைபிள் மேல கைய வச்சிச் சொல்லட்டா? ஒரு கொட்ட வாயில வெக்கலம்மா!"

"சரி. காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க."

"அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வெப்பேன். மாவு ஊத்துவேன். சட்னி அரைப்பேன். ஒவ்வொரு தபா அரைச்சதும் உள்ளங்கையில துளி வுட்டு நக்கிப் பாப்பேன்..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதை ஏன்மா எழுதலை?"

"அது இன்னா சாப்பாடா? அது வேலையாச்சேம்மா!"

ஒரு காலைக்கு ஆறு தடவை அரைப்பு. ஆறு தடவை நாக்கு. சமையல்காரர் யாரும் அதைச் சாப்பிட்டதாக நினைப்பதில்லை. அன்று திட்ட ஆள் கிடைக்காமல் ரெபேக்காள் தன் நாக்கையே திட்டிக்கொண்டு வீடு வந்தார்.

அதன்பின் ருசி பார்ப்பதில்லை. அரைக்கும்போது கையுறை. இரண்டு வாரத்தில் புதுத் தடிப்புகள் வருவது நின்றது. பழைய இடங்களில் மட்டும் அரிப்பு இன்னும் விடவில்லை. இனியாவது ரமேஷ் சும்மா இருப்பார் என்று நினைத்தார். அவரோ திங்கட்கிழமை அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"சட்னியில உப்பு கம்மின்றானுங்க. ருசி பாக்காத சமையல்காரிய வச்சிகினு நான் இன்னா பண்றது? நீ பாத்திரத்துக்கே போயிடுக்கா."

ரெபேக்காள் அடுப்பைத் தணித்தார். "கை நல்லால்லன்ன. நல்லா ஆக்கிகினு வந்தேன். இப்ப நாக்கு வேணுன்ற. பதினோரு வருசம் என் நாக்க வச்சித்தான நீ டப்பு பாத்த? ஏன், உனுக்கு நாக்கு இல்ல?"

"யக்கா, நான் எப்டி..."

"கைய நீட்டு."

ரமேஷ் பின்னால் நகர்ந்தார். ரெபேக்காள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கை நடுவில் ஒரு கரண்டிச் சட்னியை விட்டார். முந்நூறு பேருக்கான சட்னி பின்னால் காத்திருந்தது. ரமேஷ் குனிந்து நக்கும்வரை ரெபேக்காள் பிடியை விடவில்லை.