மதினியின் கைராசி

என் மதினியின் கையில் எந்தப் பழுதும் இல்லை. அந்தச் சோயா வெள்ளாமையைக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன்... இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அண்ணன் இருந்தவரைக்கும் ஆய்க்குடியில் யார் வீட்டு விதைப்பானாலும் முதல் பிடி அள்ளித்தர மதினியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தொட்ட விதை பொய்க்காது என்று பேச்சு. அண்ணன் கண்ணை மூடினார், கூப்பிடுவதும் நின்றுபோயிற்று.

அது யுத்த காலம். எல்லோரும் அரிசிக்கு அலைந்த நேரம். விவசாய இலாகாக்காரர் ஒருவர் தென்காசிக்கு வந்து, சோயா மொச்சை என்றொரு புது விதையைக் கொடுத்தார். வாங்கி வந்தேன். அண்ணன் பங்குப் புஞ்சையில் அதைப் போடச் சொன்னாள் மதினி. முதல் பிடியைத் தானே விதைப்பெட்டியில் அள்ளிப் போட்டாள்.

“எங் கை இன்னும் நல்லாத்தான் இருக்கான்னு பாக்கணும் தம்பி” என்றாள்.

துக்கம் கழியாதவள் வாசல் தாண்டக் கூடாது. வயலில் நடப்பதெல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இலாகாக்காரர் என்னிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். இந்தச் செடி சிறிசாக இருக்கும்போது களையோடு போட்டிபோட வலுவில்லாதது; பூவெடுப்பதற்குள் களை பறித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பறித்துப் பயனில்லை. நன்றாகக் காதுகொடுத்துத்தான் கேட்டேன்!

ஆடி பிறந்தது. குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர்வரை விடாமல் விழுந்தது. புஞ்சையில் கோரையும் சாரணையும் குப்பைமேனியும் சோயாவை மூடிக்கொண்டு எழும்பின. களையெடுக்கும் பெண்களோ ஊரில் ஒரேயொரு கூட்டம்தான் உண்டு. அவர்களை என் கார் நெல் வயலிலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஏன்? என் நெல் முக்கியம் என்றா? அவள் வெள்ளாமை பொய்த்தால் அந்தப் புஞ்சை என் உழவுக்கு வந்துவிடும் என்ற ஆசையா? இரண்டும்தான்... இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

சாயங்காலம்தோறும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள்.

“களை எடுக்குதாளுவளா தம்பி?”

“எடுக்குதாளுவ மதினி.”

எனக்கு வாய் கூசவில்லை.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற சமயத்தில்தான் ஆள் விட்டேன். ஒரு புல் மிச்சமில்லாமல் பறித்தார்கள். என்ன பிரயோஜனம்? செடிகள் வெளிறி, நோஞ்சானாய்ச் சாய்ந்து கிடந்தன. செடிக்கு ஒன்றிரண்டு காய். உடைத்தால் மிளகளவு பருப்பு.

ஆனால் கிணற்றோரம் ஒரு துண்டு நிலம்! எங்கள் மாட்டுக்காரன் மனைவி ஆரம்பத்திலிருந்தே அங்கே பசுவுக்குப் புல் பிடுங்கி வந்திருக்கிறாள். அங்கே மட்டும் செடிகள் தழைத்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்து நின்றன. அதே விதை. அதே மண். அதே கை!

நான் என்ன செய்தேன் தெரியுமா? யார் கண்ணிலும் படுமுன்னே அந்தத் துண்டை நானே அறுத்து மற்றதோடு கலந்துவிட்டேன்.

“அண்ணாச்சி போனதோட அவ கைராசியும் போயிட்டுல்லா! இனி எங்க விளையப் போவுது?” என்று பக்கத்து வயல்காரர் களத்திலேயே சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் களையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

மதினி அழவில்லை. அந்தப் பருப்பை முறத்தில் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயும் எம்புட்டோ பாடுபட்ட தம்பி. எங் கைதான்...” என்றாள். என்னைத் தேற்றினாள்! என்னை!

புஞ்சையை என்னிடமே உழக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு அவள் விதை எதையும் தொடுவதில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன்... முடியவில்லை. அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆதரவு நான், அதையும் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதெல்லாம் சும்மா. பயம்தான்!

போன வாரம் கொல்லையில் மண்ணைக் கொத்திவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அவரை விதையைக் கைபடாமல் ஒரு கொட்டாங்கச்சியில் ஏந்தி நீட்டினாள்.

“நீ ஊனு தம்பி. உன் கை நல்ல கை.”

வாங்கி ஊன்றினேன். வேறென்ன செய்வேன்?

அத்தனையும் முளைத்துவிட்டது! இன்று காலை மதினிதான் கூப்பிட்டுக் காட்டினாள், சிரித்த முகமாய்.