அந்த ஆளின் 'ஹபிஸ்'

சிகாமட்டில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் இடத்தில்தான் அந்த ஆளைப் பார்ப்பேன். உள்ளே அவர் மனைவி, வெளியே அவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் சீப்பு. டிவியில் டென்னிஸ் ஓடினால், யார் தோற்பார் என்று முன்கூட்டியே சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. பெரும்பாலும் பலிக்கும்.

ஒருநாள் ஆட்டக்காரி ஒருத்தி முழங்காலைத் தொட்டதும் சப்புக்கொட்டி, "ஹபிஸ்" என்றார். சோறு தீர்ந்துபோனால் நாங்கள் சொல்கிற மலாய்ச் சொல். அவள் அழுதுகொண்டே தோற்றாள். இவர் சிரித்தார்.

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"பந்த யாரு பாக்குறா? மூஞ்சியப் பாரும்மா. வலிய மறைக்க முடியாது லா."

அந்நேரம் ஒரு சீனப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அந்த முகத்தையும் உற்றுப் பார்த்தார். அதே சப்புக்கொட்டல், அதே "ஹபிஸ்".

எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அதன்பிறகு அவரோடு பேசவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து, அந்தச் சீனப் பெரியவர் இறந்துவிட்டதாகத் தாதி சொன்னாள். அன்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, நான் முதலில் பார்த்தது அந்த ஆளின் வாயைத்தான்.