பறக்காத நாற்பது மணி நேரம்

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், என் கண் முன்னால் நடந்தது. ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது என்ன? போனவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை விமானி. நான் பஸ் டிரைவர். "நான் மேல ஓட்டறேன், மச்சான் கீழ ஓட்டறார், நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது உங்க தங்கச்சிதான்" என்று அவரே சிரிப்பார். சிரித்த காலம் அது. அவர் வேலை பார்த்த சின்ன நிறுவனம் மூடிவிட்டது. அதன்பின் இரண்டு வருஷம் வீடுதான். வெள்ளைச் சட்டையைத் தங்கை வாரம் தவறாமல் இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள். அவர் அந்த அலமாரிப் பக்கமே போக மாட்டார்.

அப்போதுதான் ஒரு பெரிய நிறுவனம் ஆள் எடுத்தது. எல்லாம் பொருந்தியது. ஒன்று மட்டும் இடித்தது. விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்றுப் பறந்த நேரம் அவருக்கு நாற்பது மணி குறைந்தது.

விமானிகள் ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைக்க வேண்டும். முன்பு தடிப் புத்தகம். இப்போது போனிலேயே இருக்கிறது. தேதி, விமானம், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், எத்தனை முறை ஏறியது, எத்தனை முறை இறங்கியது... எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக இடம். நிரப்பினால் கூட்டுத்தொகையை அதுவே போட்டுக்கொள்ளும். பயிற்சியாளர் ஒருவர் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டால் பதிவு பூட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளையின் பழைய நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட பயிற்சியாளர். எல்லாரும் அவரை வாத்தியார் என்போம்.

"தட்டிப் போடுப்பா. நான் கையெழுத்துப் போடறேன். போடாதவன் யாரு இங்க?" என்றாராம் வாத்தியார்.

இரண்டு நாள் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை உட்கார்ந்து தட்டிவிட்டார். நாற்பது மணிக்குப் பதினாறு பொய்ப் பறப்புகள். எல்லாம் ஒரே விமானத்தில். ஊருக்கு வெளியே உள்ள சின்ன விமானத்தளத்தின் கொட்டகையில், ஒரு மூலையில் நிற்கும் பழைய இரண்டு இருக்கை விமானம். மெக்கானிக்குகள் அதைக் குருவி என்பார்கள். அதன் எஞ்சினை எப்போதோ கழற்றிவிட்டார்கள். சொந்தக்காரர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கேள்வி கேட்க ஆளில்லாத விமானம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

வாத்தியார் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் போனது.

மறுநாள் மத்தியானம் தங்கை மாடி ஏறி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அவர் இங்க வந்தாரா?"

"இல்லையே."

"வீட்ல இல்ல. பின் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. முன்வாசல்ல நான்தான் உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். என்னைத் தாண்டி யாரும் போகல."

இறங்கிப் போய்த் தேடினோம். நாலு அறை வீடு. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து, படுக்கையறையிலிருந்து இருமல் கேட்டது. மாப்பிள்ளை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"தூங்கிட்டேன் போல. காது அடைக்குது மச்சான்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். தலைமுடி நடுவில் ஒரு கோடாக அமுங்கியிருந்தது. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக் கழற்றினால் அமுங்குமே, அப்படி.

மறுநாளும் காணவில்லை. அதற்கு மறுநாளும். எப்போதும் மத்தியானம்தான். சில நாள் இரண்டு மணி நேரம். சில நாள் மூன்று. திரும்பி வரும்போது சட்டையில் பெட்ரோல் வாசனை. இடது முழங்கை வரை வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. வலது கை எப்போதும் போல. விமானத்தில் தலைமை விமானி இடது பக்கம் உட்காருவார், ஜன்னல் ஓரம். அது எனக்கே தெரியும்.

முதலில் எதுவும் நினைவில்லை என்றார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எஞ்சின் சத்தம். கீழே நகர்ந்து போகும் வயல். கையில் கட்டுப்பாட்டுக் கோலின் அதிர்வு.

"கனவு இல்லடி... கனவுல கை வலிக்குமா?" என்று தங்கையிடம் கேட்டிருக்கிறார்.

அவள் கெட்டிக்காரி. மூச்சு விடாமல் ஒரு காரியம் செய்தாள். அவர் காணாமல் போன நேரங்களை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். அதை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த மணிக்கணக்கெல்லாம் உங்களுக்கு ஏதாவது சொல்லுதாங்க?"

பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்தார். பதிவேட்டைத் திறந்தார். முதல் பொய்ப் பறப்பு, ஒன்றரை மணி. இரண்டாவது, இரண்டு மணி பத்து நிமிஷம். மூன்றாவது... வரிசை பிசகவில்லை. நிமிஷம் பிசகவில்லை.

அன்றுதான் எங்கள் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். தங்கை அழவில்லை. திட்டவில்லை. "மிச்சம் எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நாளாக ஆக நாங்களே ஒருவிதமாகப் பழகிக்கொண்டோம். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. போவார், வருவார். போனவர் திரும்பி வரத்தானே செய்கிறார்? பறந்து முடித்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும், பீடை விட்டது என்று நான்கூடச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

பதினைந்தும் முடிந்த அன்று, கடைசிப் பதிவைப் பார்க்கலாம் என்று திறந்தார்.

திரையை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"என்னாச்சு மாப்ள?"

போனை என் பக்கம் திருப்பினார். இரண்டரை மணிப் பறப்பு. கிளம்பிய நேரம்: மூன்று ஐந்து. ஏறியது: ஒன்று.

இறங்கியது: பூஜ்யம்.

"விடியக்காலைல தட்டினேன் மச்சான். தூக்கக் கலக்கம். அந்தக் கட்டத்தை விட்டுட்டேன்."

அப்போதே வாத்தியாரைக் கூப்பிட்டோம். அவர் நம்பவில்லை. சிரித்தார். மாப்பிள்ளையின் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பூட்டைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டார். இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது.

சேமித்தார்.

ஒன்றுக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. 'திருத்தப்பட்டது. மூலப் பதிவு: 0.'

"அதை எடுக்க முடியாதாப்பா?" என்றேன் வாத்தியாரிடம்.

"முடியாது. யாரும் ஏமாத்தக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க" என்றார்.

மாப்பிள்ளை போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மாப்பிள்ளையைக் கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தோம். "கட்டிப் போடுங்க மச்சான்" என்று அவரேதான் சொன்னார். பஸ் கூரையில் சாமான் கட்டும் பட்டை என்னிடம் இருந்தது. தோளைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, நாற்காலிக் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு இறுக்கி நான் எதையும் கட்டியதில்லை.

"விமானத்துல பெல்ட் போட்ட மாதிரியே இருக்கு" என்றார். சிரிக்க முயன்றார். முடியவில்லை.

இடது கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். வலது கையை நான்.

மூன்று மணி.

ஒன்றும் இல்லை. மின்விசிறி ஓடியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி.

மூன்று ஐந்து. மேசை மேல் தண்ணீர் டம்ளர். தண்ணீரில் மெல்லிய வளையங்கள்... ஒன்றுக்குள் ஒன்று.

"லாரி போகுதா?" என்றாள் தங்கை.

தெருவில் எதுவும் இல்லை.

அப்புறம் சத்தம். தூரத்தில் யாரோ தையல் இயந்திரம் ஓட்டுவது போல. டர்ர்ர்ர்... வெளியிலிருந்து வரவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது.

என் பிடிக்குள் இருந்த அவர் கை, மெதுவாக முன்னால் தள்ளியது. எதையோ தள்ளுவது போல. நான் முழு பலத்தோடு பின்னால் இழுத்தேன். பஸ் ஸ்டியரிங் பிடித்த கை என்னுடையது.

நிற்கவில்லை.

"கைய விடாதீங்க மச்சான்..."

"விடல மாப்ள. விடமாட்டேன்."

அவர் முகத்தில் வெயில் விழுந்தது. இடது பக்கமிருந்து.

எங்கள் கூடத்தில் இடது பக்கம் ஜன்னலே கிடையாது.

கை சில்லிட்டது. பனிக்கட்டியைப் பிடித்தது போல.

"ஏங்க... என்னைப் பாருங்க!" தங்கை அலறினாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

ஒரு கண் இமைப்பு.

அவ்வளவுதான்.

என் கை வெறும் காற்றைப் பிடித்திருந்தது. நாற்காலியில் பட்டை அப்படியே கிடந்தது. போட்ட முடிச்சு போட்டபடி. அவிழவில்லை. அறுபடவில்லை. நாற்காலி மட்டும் சூடாக இருந்தது.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். படுக்கையறை வாசலில் தங்கை நின்றுகொண்டே இருந்தாள், இருமல் கேட்கும் என்று. பொழுது சாய்ந்தது. கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை.

போலீசுக்குப் போனோம். கண்ணெதிரே காணாமல் போனார் என்று சொன்னால் யார் எழுதிக்கொள்வார்கள்? 'வேலையில்லாத விரக்தியில் வீட்டை விட்டுப் போய்விட்டார்' என்று எழுதினார்கள். பத்து நாள் கழித்துப் பெரிய நிறுவனத்திலிருந்து அவர் போனுக்குச் செய்தி வந்தது. பறப்பு நேரம் சரிபார்க்கப்பட்டதாம். வேலை உறுதியாம். தங்கை அதை எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு எழுந்து போய், அலமாரியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து, மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.

ஒரு மாதம் போன பிறகு, அந்த விமானத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். கொட்டகை மூலையில் குருவி நின்றது. மூக்கில் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. சக்கரங்களில் காற்றில்லை. இறக்கை மேல் விரல் தடிமனுக்குத் தூசி. யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

திரும்பி நடந்தபோது, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு பெண் படியிறங்கி வேகமாக வந்தார். விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்கிறவர் அவர். நடு வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். நாங்கள் யாரென்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

"நீங்க அவரோட வீட்டம்மாவா?" என்று தங்கையைக் கேட்டார்.

"ஆமா."

"அவர் குரல் எனக்கு நல்லாத் தெரியும். பழைய பழக்கம். கொஞ்ச நாளா மத்தியானத்துல ரேடியோவில பேசிட்டிருந்தார். அந்தக் குருவியோட அடையாள எழுத்தைச் சொல்லி, ஏற அனுமதி கேப்பார், அப்புறம் இறங்க அனுமதி கேப்பார். ஓடுபாதையில பார்த்தா ஒண்ணும் இருக்காது. யாரோ விளையாடறாங்கன்னு நெனச்சேன். பதினஞ்சு தடவை அப்படி நடந்தது."

தங்கை என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பதினாறாவது தடவை ஏறினார். அன்னிலேர்ந்து..." அந்தப் பெண் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிலேர்ந்து தினமும் இறங்க அனுமதி கேக்கறார். நானும் தினமும் குடுக்கறேன். ஓடுபாதை தெரியலைங்கறார். விளக்கெல்லாம் போட்டுக் காட்டறேன். தெரியலைங்கறார். அழறாரும்மா."

கொட்டகைத் தகரம் காற்றில் தட்டியது.

"ஆபத்துல இருக்கற விமானத்துக்கிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும், அது விதி. எரிபொருள் எவ்வளவு, உள்ளே எத்தனை பேர். நானும் கேட்டேன். எரிபொருள் தீரவே மாட்டேங்குதுங்கறார்."

"எத்தனை பேர்னார்?" என்றாள் தங்கை.

"ரெண்டு பேர்."

"கூட யாரு?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைத்தான் தினமும் கேக்கறேன். அதைக் கேட்டா மட்டும், அவர் மைக்கைப் பக்கத்துல யாரோ பிடுங்கற சத்தம் கேக்குது."