தோடு போட்ட ஆயில்

காரா-பல்தா ஊர் முடிந்து சாலை கணவாயை நோக்கித் திரும்பும் இடத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த சரக்கு கன்டெய்னர் ஒன்று நிற்கிறது. அதுதான் புருல்ச்சாவின் ஆயில் கடை. அதைத் தாண்டினால் மலைதான். மலைக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் வரை வேறு ஆயில் கடை கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஓட்டுநர்கள் அவளைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

எல்லாரும் அவளை எஜே என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். அவள் கடையில் மட்டும் அந்தச் சொல்லில் கொஞ்சம் போலீஸ் அதிகாரி வாசனையும் அடிக்கும். "மேல ஊத்த ஒரு லிட்டர் குடுங்க எஜே" என்று, இஞ்சினில் குறைந்த அளவை நிரப்பக் கேட்டால் கேன் வராது, கேள்வி வரும். உள்ளே என்ன ஆயில் இருக்கிறது? ஊற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? எந்தக் கணவாய் தாண்டப் போகிறாய்? பதிலை வாயால் சொன்னால் செல்லாது. ஆயில் மாற்றியதும் மெக்கானிக் ஓர் அட்டையில் ஆயிலின் தரத்தையும் கிலோமீட்டரையும் எழுதி இஞ்சினுக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார் அல்லவா, அந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

ஓஷ் நகரத்துக்கு ஷேர் டாக்சி ஓட்டும் ஜோலோச்சு ஒருமுறை சீட்டு இல்லாமல் வந்து நின்றான்.

"அஞ்சு-முப்பது ஆயில்தான் எஜே, சத்தியமா."

"சத்தியத்த டிப்ஸ்டிக்குல தொட்டுப் பாக்க முடியாது தம்பி. சீட்டு எங்க?"

"காத்துல பறந்துபோச்சு."

"அப்ப நீயும் பறந்து போ. மாத்துன மெக்கானிக்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

மெக்கானிக் இருந்தது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. ஜோலோச்சு சீட்டோடு திரும்பி வந்தபோது அவனுடைய ஆறு பயணிகளும் இன்னொருவன் வண்டியில் ஏறிப் போயிருந்தார்கள். ஜோலோச்சு தன் வீட்டுக்கு வாங்கி, கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போன தர்பூசணிகளையும் வண்டிக்காரனுடையவை என்று நினைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் பயணிகளை மறந்துவிட்டான். தர்பூசணியை மறக்கவில்லை.

புருல்ச்சா எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆயிலைப் பற்றிப் படித்தவள் அல்ல. சர்க்கரை ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவள். ஆலை மூடியதும் கடை போட்டாள். மற்ற கடைக்காரர்கள் கேனின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து விற்றார்கள். அவள் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். குளிரில் எது ஓடும், வெயிலில் எது தாங்கும், எந்த இஞ்சினுக்கு எந்தத் தரம் என்று இருபது வருஷத்தில் எல்லாம் மனப்பாடம். விற்கப் போகும் வண்டியின் சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.

இவ்வளவுக்கும் அவளிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. அவளுடைய வீட்டு வண்டி. கடைக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய ஜப்பான் வேன்.

"அந்த வண்டியப் பாரு. ஒரு மாத்தலுக்கும் அடுத்த மாத்தலுக்கும் நடுவுல ஒரு சொட்டுக் குடிக்காது. ஆறு வருஷமா இப்படித்தான். ஏன்? சரியான ஆயில். கலப்பு கிடையாது."

வெறும் பேச்சு இல்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அவளே ஆயிலை இறக்கி அளந்து பார்ப்பாள். நாலேகால் லிட்டர் ஊற்றியிருப்பாள். கிட்டத்தட்ட நாலேகால் லிட்டர் இறங்கும். பார்க்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, தங்கள் இஞ்சின்களை நினைத்துக் கூசிப்போய், சீட்டு தேடக் கிளம்புவார்கள்.

கடைக்குள் இன்னொரு பொருளும் இருந்தது. மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, வாயில் ஒரு புனல். காலியான ஒவ்வொரு கேனையும் அதில் கவிழ்த்து வைப்பாள். கடைசிச் சொட்டும் வடிந்த பிறகுதான் கேன் வெளியே போகும். கியர் ஆயில் கேனை மட்டும் அந்தப் புனலுக்குப் பக்கத்திலேயே விடமாட்டாள். அஞ்சு-முப்பது, பத்து-நாற்பது, டீசல் வண்டிக்குப் போடுவது என்று இஞ்சின் ஆயில் அத்தனையும் அந்த ஜாடியில் ஒன்றாகக் கிடந்தன. கதவுக் கீல், மரம் அறுக்கும் சங்கிலி, வேலிக் கம்பம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் அது என்பது அவள் சட்டம்.

அந்தச் சட்டம் அவள் கணவர் பெய்ஷெனுக்கும் தெரியும். அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் வீட்டில் இன்னொருவர் பேசிவிடுவதால் அவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

இந்த நிலையில்தான் மகன் தானியாருக்குத் தலாஸ் பக்கத்தில் பெண் அமைந்தது. பெகிமாய் என்று பெயர். மாப்பிள்ளையின் தாய் நேரில் போய்ப் பெண்ணுக்குத் தோடு போட வேண்டும். போட்டால்தான் பேச்சு உறுதி. முதலில் குறித்த நாளில் பனிச்சரிவு விழுந்து கணவாயை அடைத்துவிட்டது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவது நாள் உறவினர் கூட்டத்துக்காக வாடகைக்கு ஒரு பெரிய வண்டி பிடித்திருந்தார்கள். புருல்ச்சா பானெட்டைத் திறந்து பார்த்தாள். சீட்டு இல்லை. ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சீட்டு உள்ள வண்டி கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பெண்ணின் தாய் அனார்கான் போனில் சுருக்கமாகப் பேசினாள்.

"சம்பந்தி, மூணாவது தடவையும் வரலைன்னா அந்தத் தோட்ட உங்க காதுலயே மாட்டிக்குங்க. என் பொண்ணு காதுக்கு வேற தோடு கிடைக்காமலா போயிரும்?"

மூன்றாவது நாள் ஜூன் மாதத்தில் அமைந்தது. பகல் ஒரு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். இந்த முறை வாடகை வண்டியே வேண்டாம், வீட்டு வேனிலேயே போய்விடலாம் என்று புருல்ச்சா முடிவு செய்தாள். கிளம்புவதற்கு முன் அவள் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கவில்லை. மாற்று ஆயிலும் எடுத்துவைக்கவில்லை. ஒரு சொட்டுக் குடிக்காத வண்டிக்கு அது எதற்கு?

பெய்ஷென் ஓட்டினார். பக்கத்தில் தானியார். பின்னால் இரண்டு நாத்தனார்களுக்கு நடுவில், தோட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புருல்ச்சா. தோ-அஷு கணவாயில் ஏறி, உச்சிச் சுரங்கப்பாதையைக் கடந்து, சுசாமிர் புல்வெளியை நோக்கி இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயில் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னிவிட்டு அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி மின்னியது.

"என்னங்க அது?"

"சென்சார் கோளாறு."

"நிறுத்துங்க."

"கீழ போயி..."

"நிறுத்துங்கன்னேன்."

சாலையோரம் குதிரைப்பால் விற்கும் ஒரு கூடாரத்துக்கு முன்னால், சமதரையாகப் பார்த்து நிறுத்தினார்கள். அந்த அவசரத்திலும் அவள் பத்து நிமிஷம் காத்திருக்க வைத்தாள்; நின்றவுடன் எடுத்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். பத்து நிமிஷம் கழித்து எடுத்தபோது அது உண்மையைச் சொன்னது. கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் ஈரம்.

தோடு போடுவதற்கென்று உடுத்தியிருந்த பட்டு உடையோடு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். ஒழுகல் இல்லை.

"அப்ப எங்க போச்சு?"

பெய்ஷென் மேகத்தைப் பார்த்தார். "எரிஞ்சிருக்கும்."

"என் வண்டி எரிக்காது."

"எரிக்கும் புருல். ஆறு வருஷமா எரிச்சிட்டுத்தான் இருக்கு. நீ கடை தொறக்கப் போனதும் வாரத்துக்கு ஒருதரம் நான் ஊத்திருவேன்."

"எத?"

"அந்த ஜாடிய."

நாத்தனார்கள் இருவரும் ஒரே நேரத்தில் புல்வெளியின் அழகைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ நாலு பேரு முன்னாடி 'ஒரு சொட்டுக் குடிக்காது'ன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் ஊத்தாம இருக்க முடியுமா?"

"இப்ப மட்டும் ஏன் ஊத்தல?"

"தோடு போட்டதும் சம்பந்தி நம்ம பக்கம் வருவாங்கன்னு கடையக் கழுவுனப்ப, ஜாடிய வேலிக் கம்பத்துக்குன்னு பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே. மூணு வாரம் ஆச்சு. தலாஸ் போயிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"போய்ச் சேந்தாத்தான வந்து சொல்றதுக்கு?"

தானியார் கூடாரத்துக்காரியிடம் ஓடி விசாரித்துவிட்டு வந்தான். ஆட்டுவால் கொழுப்பு இருந்தது, உப்புத்தயிர் உருண்டை இருந்தது, ஆயில் இல்லை. மணி பத்தரை. தலாஸ் போய்ச் சேர இன்னொரு கணவாய் பாக்கி.

பானெட்டைத் திறந்து வைத்து புருல்ச்சா நிற்கும் காட்சியைச் சும்மா கடந்து போக எந்த ஓட்டுநருக்கு மனசு வரும்? முதலில் ஒருவன் நிறுத்தினான். பிறகு இன்னொருவன். நான்கு வண்டிகள் வரிசையாக நின்றன. மணிக்கு நூற்றிருபதில் பறக்கிறவர்களுக்கு அன்று யாருக்கும் அவசரமே இல்லை. நான்காவது வண்டியிலிருந்து இறங்கியவன் ஜோலோச்சு. கையில் ஒன்றரை லிட்டர் கோலா பாட்டில். உள்ளே ஆயில்.

"வணக்கம் எஜே. மேல ஊத்தவா? குடுத்துருவோம். உள்ள என்ன ஆயில் இருக்கு?"

புருல்ச்சா வாயைத் திறந்தாள். இஞ்சினுக்குப் பக்கத்தில் அவள் கைப்பட எழுதிய சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அஞ்சு-முப்பது என்று அழகான எழுத்தில் அதில் இருந்தது. அது பொய் என்று தெரிந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"தெரியாது" என்றாள்.

இப்படி ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜோலோச்சு ஒரு கணம் தடுமாறினான். ஆனால் தர்பூசணி ஞாபகம் அவனைக் கைவிடவில்லை.

"அப்ப மாத்துன மெக்கானிக்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க எஜே. எனக்குப் பதினெட்டு கிலோமீட்டர், உங்களுக்கு எம்பதுதான்."

கூட்டம் சிரித்தது. பெய்ஷெனும் சிரித்தார், உடனே இருமினார்.

"பாட்டில்ல என்ன?" என்று கேட்டாள் புருல்ச்சா.

"அஞ்சு-முப்பது. உங்க கடை ஆயில்தான், வியாழக்கிழமை வாங்குனேன். கேன் ரேடியேட்டர் தண்ணிக்கு வேணும்னு இதுல மாத்திட்டேன்."

"சீட்டு?"

வேண்டுமென்றே கேட்கவில்லை, வாய் பழகிவிட்டது. பின்னால் நின்ற ஒருவன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கோலா பாட்டிலுக்குச் சீட்டுக் கட்டுற பழக்கம் எங்க வீட்டுல இல்ல எஜே."

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். தன் சீட்டைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, அது மஞ்சளாகச் சீராகப் பரவுவதைப் பார்த்தாள். புது ஆயில்தான். எந்தத் தரம் என்று காகிதம் சொல்லாது. மணி பத்தே முக்கால். அனார்கானின் குரல் காதில் கேட்டது. கூடவே இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்த, கடையில் ஒருவரிடமும் சொல்லாத ஒரு விஷயமும் கேட்டது.

"ஊத்துங்க. முக்கால் பாட்டில்தான். மேல்கோட்டத் தாண்டக் கூடாது."

"சீட்டு இல்லாமயா?"

"ஆயில் கொறஞ்சு ஓடுறதவிட வேற ஆயில் கலந்து ஓடுறது மேல். இஞ்சின் ஆயிலா இருந்தாச் சரி."

"சத்தமா எஜே, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னாள். புல் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகூடத் தலையைத் தூக்கியது.

"இத இருபது வருஷமா ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் ஜோலோச்சு. இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

"சொன்னா எவன்டா சீட்டு கொண்டு வருவான்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அதுவும் சரிதான்" என்று சொல்லி ஊற்றத் தொடங்கினான். மேல்கோட்டுக்கு ஒரு விரல்நுனி கீழே நிறுத்தினான். அவளே நிறுத்தியிருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பாள்.

தலாஸ் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அனார்கான் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வழியில் கல் சரிந்துவிட்டது என்று சொல்வதாக நாத்தனார்கள் முடிவு செய்து, கல்லின் அளவைக்கூடப் பேசி வைத்திருந்தார்கள்.

"வாங்க சம்பந்தி. கறி வெந்து, ஆறி, மறுபடியும் வெந்திருச்சு. இன்னைக்கு யாரோட வண்டியில சீட்டு இல்ல?"

"என் வண்டியில" என்றாள் புருல்ச்சா. "சீட்டு இருந்துச்சு. அதுதான் பொய். ஆறு வருஷமா உள்ள என்ன ஆயில் இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல."

அனார்கான் அவளைப் பார்த்தாள். புழுதி படிந்த பட்டு உடையைப் பார்த்தாள். பின்னால் கைகட்டி நின்ற பெய்ஷெனைப் பார்த்தாள். பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்களப் பத்திக் கேட்டதுல, இந்த வீட்டுக்கு எப்படிப் பொண்ண அனுப்புறதுன்னு பயந்துட்டிருந்தேன் சம்பந்தி. இப்பப் பரவால்ல. உள்ள வாங்க."

பெகிமாய்க்குத் தோடு போட்டபோது புருல்ச்சாவின் விரலிலிருந்து கறுப்பாக ஓர் ஆயில் தடம் பெண்ணின் காதுமடலில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் பார்த்தார்கள். யாரும் துடைக்கவில்லை.

இப்போது அந்த ஜாடி மறுபடி கடைக்கு வந்துவிட்டது. அதன் கழுத்தில் ஒரு சீட்டு தொங்குகிறது: 'எல்லாம் கலந்தது. மலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும்.' ஓட்டுநர்கள் அதைத் தோடு போட்ட ஆயில் என்று கேட்டு, சின்னப் பாட்டிலில் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்கிறார்கள். மற்றபடி சட்டம் எதுவும் தளரவில்லை. மூன்று கேள்வியும் அப்படியே இருக்கிறது. நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

"வீட்டுல யாரு மேல ஊத்துறாங்க?"

"நான்தான் எஜே, வேற யாரு?" என்பான் வந்தவன்.

"போய் வீட்டுல கேட்டுட்டு வா" என்பாள் புருல்ச்சா.