நான்காவது ஸ்பிளிட் பின்

இழுவை வண்டி திருத்துகிறவனுக்குத் தன் வேலையில் சந்தேகம் வருவது, வண்டி வளைவு திரும்பி மறைந்த பிறகுதான். படகு, குதிரை, மோட்டார்சைக்கிள், சில சமயம் முழு வீடு என்று எதையாவது பின்னால் கொளுவி இழுத்துத் திரியும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதில்லை. சுவிஸில், பாடனுக்கு வெளியே ஒரு கராஜில் பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். என்னோடு ரெட்டோ என்ற சுவிஸ்காரன். அவன் நிதானம், நான் படபடப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் எங்கள் கராஜ் ஓடும்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே வண்டியைப் பற்றி. அமெரிக்காவிலிருந்து இறங்கிய, ஏற்கெனவே யாரோ பாவித்த வண்டி. அதன் மூக்கு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும். நடுவில் படுக்கையும் குசினியும். பின்னால் மோட்டார்சைக்கிள் ஏற்ற ஓர் அறை. அதன் பின்சுவரே கீழே இறங்கி ஏற்றுபலகையாகிவிடும். சொந்தக்காரர்கள் ஓர்லிகோனில் இருக்கும் குகனும் ரஜனியும். குகன் உணவகச் சமையல்காரர், சேற்றில் மோட்டார்சைக்கிள் ஓடுவதில் பைத்தியம். அவருடைய மனைவி ரஜனி பஸ் ஓட்டுகிறவர். வண்டியை இழுக்கும் லைசென்ஸ் அவரிடம்தான் இருந்தது. கோடை லீவுக்கு மலை தாண்டித் தெசினுக்குப் போக நாள் குறித்திருந்தார்கள். மலை ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இறங்குவதுதான் கவலை.

அரிசி மூட்டை எங்கே?

முதல் தடவை அவர்கள் வந்தது, வண்டி வால் ஆட்டுகிறது என்று. நெடுஞ்சாலையில் லொறி கடந்து போனால் பின்பக்கம் அலைகிறதாம். பின்சுவரை இறக்கிப் பார்த்தேன். இரண்டு மோட்டார்சைக்கிள் நின்றன, சரி, அந்த அறை இருப்பதே அதற்குத்தான். அவற்றைச் சுற்றி இரண்டு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சோறாக்கும் ஒரு கிடாரம், கறிச்சட்டி அடுக்கு, ஒரு பெட்டி நிறையத் தேங்காய்ப்பால் டின். அடிக்கடி எடுக்கிற சாமான் கதவுக்குக் கிட்ட இருக்க வேணும் என்பது சமையல்காரர் புத்தி. கல் லொறிகள் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம். மொத்த எடை பத்திரத்தில் உள்ளதற்குள் நின்றது. மூக்கில்தான் எடை இல்லை.

இந்த வகை வண்டியில் பாரமானவை அச்சுக்கு முன்னால் போக வேண்டும். மூக்கு பிக்கப்பை அமத்திப் பிடிக்காவிட்டால் வண்டி தன் பாட்டில் ஆடும். கிடாரம் முதல் தேங்காய்ப்பால் வரை எல்லாவற்றையும் நாங்கள் மூவரும் முன்னுக்குச் சுமந்தோம். குகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “பின்னுக்கு இருந்தால் என்ன, முன்னுக்கு இருந்தால் என்ன, எல்லாம் ஒரே வண்டிதானே?” என்றார். ரஜனி மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டுச் சொன்னார்: “பஸ்ஸிலை சனம் எல்லாம் பின்னுக்குப் போய் நிண்டால் எனக்கு ஸ்டியரிங்கிலை தெரியும். உங்களுக்குக் குசினியிலை நிண்டு என்ன தெரியும்?”

‘டக்’ என்று கேட்டால் போதாது

தாங்கள் வண்டியைக் கொளுவுவது சரிதானா என்று பார்க்கச் சொன்னார்கள். பிக்கப்பின் முதுகில் ஒரு தட்டு, அதில் ஒரு தாடை. வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் இரும்புக் குற்றியை அந்தத் தாடை கவ்வ வேண்டும். குகன் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தார். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. உடனே இறங்கி ஓடிவந்து, கழற்றி விட்ட வண்டியைத் தாங்கி நிற்கும் முன்கால்களை மேலே தூக்க சுவிட்சில் கை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் ரெட்டோ கையிலிருந்த கோப்பியைக் கொட்டிவிட்டான்.

குனிந்து பார்க்கச் சொன்னேன். வண்டி ஒரு விரல் உயரமாக நின்றதால், குற்றி தாடைக்கு மேலே இருந்தது. தாடை வெறுங்காற்றைக் கவ்வியிருந்தது. கால்களைத் தூக்கி ஓடியிருந்தால் முதல் சந்தியிலேயே அவ்வளவு பெரிய வண்டியும் பிக்கப்பின் பக்கச்சுவரில் விழுந்திருக்கும். சத்தத்தை நம்பாமல் ரோச் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு, முன்கால்கள் நிலத்தில் நிற்கும்போதே, வண்டியின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பால் மெல்ல முன்னுக்கு இழுக்க வேண்டும். அசையாவிட்டால்தான் பயணம். குகன் வெளிறிப்போய் மனைவியைக் காட்டினார். “வீட்டுக் கதவு பூட்டினதோ எண்டு மூண்டு தரம் படியேறிப் போய்ப் பாக்கிறவள் இவள். இனிமேல் இதையும் சேர்த்து நாலு.”

எட்டுத் தேசிக்காய்

பயணத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, பின் வலது சில்லு சுற்றும்போது இரைச்சல் என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். நான்கு சில்லுக்கும் புதுப் பெயாரிங் போடுவது என்று முடிவெடுத்தேன். இது பழைய அமெரிக்க முறை. கிரீஸ் பூசிப் பெயாரிங்கை ஏற்றி, நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டு தன்பாட்டில் கழலாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் வளைத்து விட வேண்டும். பின் என்பது கொண்டை ஊசி அளவுக் கம்பிதான். அது இல்லாவிட்டால் சில்லைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. வெள்ளி பின்னேரம் மூன்று சில்லு முடிந்தது. நான்காவது, அந்தப் பின் வலது, சனி காலைக்கு.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கு. கராஜ் சுவரில் நானே கொளுவிய தமிழ்க் கலண்டரில் அப்படித்தான் இருந்தது. எட்டேமுக்காலுக்குக் குகன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, “அண்ணை, பதினைஞ்சு நிமிசம் கிடக்கு… அண்ணை, பன்ரண்டு…” என்று எண்ணத் தொடங்கினார். பொறு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மலைப் பயணம், ராகுகாலத்தில் வெளிக்கிடக் கூடாது என்று அவரைவிட எனக்குத்தான் பதற்றம். அச்சின் மூடியைத் தட்டிப் பொருத்தினேன், சில்லைப் பூட்டினேன், வேலைத்தாளில் கையெழுத்து வைத்தேன். குகன் வழக்கப்படி சில்லுகளுக்கு அடியில் பிக்கப்புக்கு நாலு, வண்டிக்கு நாலு என்று தேசிக்காய் வைத்தார். ரஜனி மட்டும் அவசரப்படாமல் ரோச்சை எடுத்துத் தாடையைப் பார்த்து, இழுத்தும் பார்த்துவிட்டு ஏறினார். எட்டு ஐம்பத்தாறுக்குத் தேசிக்காய்கள் நசுங்கின. ரெட்டோ சில்லுக்கு அடை வைக்கும் கட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் கேட்டான்: “இவ்வளவு சின்னதாக வைத்தால் வண்டி உருண்டுவிடாதா?”

மூடியில் கிடந்தது

ஒன்பதரைக்கு மேசையைத் துடைத்தேன். கிரீஸ் டின்னின் மூடியில் ஒரு புது ஸ்பிளிட் பின் கிடந்தது. வெள்ளிக்கிழமை நான்கு புதுப் பின்னை எண்ணி அந்த மூடியில்தான் போட்டேன். கால்கள் நேராக, வளையாமல், மினுங்கிக்கொண்டு கிடந்தது. குப்பைவாளியைக் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய பின் நான்கும் அதற்குள் இருந்தன: கடைசிச் சில்லில் புதிதும் இல்லை, பழையதும் இல்லை. அப்போது எனக்கு வந்தது பயம் என்று சொன்னால் குறைவு.

ரஜனிக்குப் போன் அடித்தேன். ஓடும்போது போன் எடுக்க மாட்டார், பஸ் ஓட்டுகிறவர். குகனுக்கு அடித்தேன். ஓடுகிறவரின் கவனம் கெடுமென்று அவருடைய போனையும் ரஜனி வாங்கிப் பைக்குள் வைத்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியும் மாறி மாறி அடித்தேன். ரெட்டோ பொலிசுக்கு அடித்து இலக்கத்தகட்டையும் பாதையையும் சொன்னான். நான் பெயாரிங் பெட்டியையும் கிரீஸையும் அந்தப் பின்னையும் கராஜ் வானின் பின்சீட்டில் எறிந்தேன். “என்னாலதான், என்னாலதான்” என்று தமிழிலேயே புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ரெட்டோவுக்கு விளங்கியிருக்க வேண்டும். என் கையிலிருந்து போனைப் பறித்து வானின் போன் தாங்கியில் மாட்டிவிட்டு, “நீ ரோட்டைப் பார். போன் அடிக்கிற வேலையை நான் இங்கிருந்தே செய்கிறேன்” என்றான்.

கை வைத்துப் பார்க்கவும்

நான் கொடுக்கும் ஒவ்வொரு வேலைத்தாளிலும் அடியில் ஒரு வரி எழுதுவேன்: ‘ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தவும். சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கவும். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் கை வைத்துப் பார்க்கவும்.’ இதுவரை யாரும் வாசித்ததாக எனக்குத் தெரியாது. லுட்சேர்ன் போகும் பாதையில் நான் பறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ரஜனி. “அண்ணை, தரிப்பிடத்திலை நிக்கிறம். மூண்டு சில்லு இளஞ்சூடு. பின் வலதிலை கை வைக்க ஏலாமல் கிடக்கு.” எனக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: “தொடாதேங்கோ. நகர்த்தாதேங்கோ. வாறன்.” போனை வைத்த பிறகு அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குகன் புல்லில் குந்தியிருந்தார். நிறுத்தவே கூடாது என்று அவர் சண்டை பிடித்திருக்கிறார். நல்ல நேரத்தில் வெளிக்கிட்டது உண்மைதான், ஆனால் நடுவில் நிறுத்தினால் திரும்பப் புறப்படுவது ராகுகாலத்துக்குள் அல்லவா வரும் என்பது அவருடைய கணக்கு. ரஜனி வேலைத்தாளின் கடைசி வரியைக் காட்டிவிட்டு, சிக்னலைப் போட்டுத் திருப்பியிருக்கிறார். சில்லைக் கழற்றி மூடியைத் திறந்தேன். நட்டு ஒன்றரைச் சுற்றுக் கழன்றிருந்தது. வெளிப் பெயாரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. நல்ல காலம், அச்சுமுனை தப்பியிருந்தது. “இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், அண்ணை?” என்று குகன் கேட்டார். மலைக்கு வந்திருக்காது என்றேன். வந்திருந்தால் அதுதான் இன்னும் மோசம் என்பதைச் சொல்லவில்லை, அவருக்கே விளங்கியது.

அவசரப்படுத்தியது நீங்கள்தானே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, “பிழை என்னுடையது, பின் போட மறந்துபோனன்” என்றேன். புதுப் பெயாரிங்கைப் போட்டு, அந்த நான்காவது பின்னைச் செருகி, கால்களை வளைத்தேன். ரஜனி குனிந்து, வளைந்த இரண்டு காலையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மற்ற மூன்று சில்லையும் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். எல்லாம் முடியப் பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. ராகுகாலம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ரஜனி ஏசுவார் ஏசுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் கோபிக்கவில்லை. கை துடைத்துக்கொண்டு போனில் இங்கே உள்ள எங்கள் கோயிலின் கலண்டரைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். “அண்ணை, உங்கட சுவரிலை கிடக்கிறது ஊர்ச் சூரியனுக்குக் கணிச்ச நேரம். இஞ்சத்தைச் சூரியனுக்கு இண்டைக்கு ராகுகாலம் ஒன்பதரைக்குத்தான் துவங்கினது. அவசரப்படாமல் ஆறுதலாப் பூட்டியிருக்கலாம்.”

இப்போதும் நான் நேரம் பார்க்காமல் எந்தப் பயணமும் வெளிக்கிடுவதில்லை, ஆனால் சில்லு கழற்றுகிற நாளில் கலண்டரையும் மணிக்கூட்டையும் முதலில் கழற்றி ரெட்டோவின் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.