அப்பா பார்க்காத இடம்

என் அப்பா பாக்கியரத்தினம் கூடாரம் போட இடம் பார்த்துக் கொடுப்பவர். இறக்கக்கண்டியிலிருந்து வடக்கே, கடலில் விழும் சின்ன ஆறுகளின் ஓரத்திலும் அவற்றை ஒட்டிய காட்டிலும் எங்கே படுக்கலாம், எங்கே படுக்கக்கூடாது என்று சொல்வதுதான் அவருடைய கடைசிப் பன்னிரண்டு வருடத் தொழில். போன வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் ஆறு அள்ளிக்கொண்டு போன இடமும் அவர் பார்த்ததுதான் என்று ஊரில் சொல்கிறார்கள். அது அவர் பார்த்த இடமல்ல. அவர் செத்த பிறகுதான் எனக்கே அது தெரியவந்தது.

அவர் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். தொண்ணூறில் ஊரை விட்டு ஓடி, இரண்டு வருடம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தார். திரும்பி வந்து வாங்கிய தோணியைச் சுனாமி கொண்டுபோனது. பிறகு விறகு, தேன் என்று காட்டுக்குள் போனார். சண்டை முடிந்து நிலாவெளிக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது, பறவை எண்ண வந்த இரண்டு பேர் தங்களுக்கு ஹோட்டல் வேண்டாம், ஆற்றோரத்தில் படுக்கவேண்டும் என்றார்கள். யாரோ அப்பாவைக் காட்டிவிட்டார்கள். அவர் காட்டிய இடத்தில் அவர்கள் ஐந்து நாள் இருந்தார்கள். ஒரு நாள் மழை பெய்தும் பாய் நனையவில்லை. அதற்குப் பிறகு ஆட்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள்.

ஆட்கள் வருவதற்கு முதல் நாள் அவர் தனியாகப் போவார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். முதலை ஏறி இறங்கிய வழுக்கல் இருந்தால் அந்தக் கரையே வேண்டாம். யானைப் பிண்டம் காய்ந்திருந்தாலும் வேண்டாம், அது திரும்பி வரும் பாதை. குதிக்காலால் மண்ணைக் கிண்டிப் பார்ப்பார். ஒரு சாண் ஆழத்தில் ஈரம் தெரிந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுவார். கடைசியில் அநேகமாக ஆற்றிலிருந்து முந்நூறு மீற்றர் உள்ளே, பாலை மரங்களுக்குக் கீழே வந்து நிற்பார். அங்கே நுளம்பு கடிக்கும். கடல் தெரியாது. வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் அதைக் காணாதவர் மாதிரிக் கல்லைப் பொறுக்கி எறிந்து இடத்தைத் துப்புரவாக்குவார்.

மாரி காலத்தில் அதோடு வேலை முடியாது. எங்கள் பக்கத்துச் சின்ன ஆறுகளின் முகத்துவாரத்தைக் கோடையில் கடல் மண் போட்டு மூடிவிடும். மழை தொடங்கினால் ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் ஏறி வயலை மூடும். அப்போது விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். காலையில் ஒரு முழ அகலத்தில் வெட்டிய வாய்க்கால் மத்தியானம் நாற்பது மீற்றர் ஆகிவிடும். தண்ணீர் எந்தப் பக்கத்துக் கரையைத் தின்னும் என்று வெட்டுகிறவர்களுக்கும் தெரியாது. வெட்டும் நாளுக்கு அறிவித்தல் கிடையாது. விவசாயச் சங்கத் தலைவர் ஆதம்பாவா வயலைப் பார்த்துவிட்டு நாலு பேருக்குப் போன் எடுப்பார், அவ்வளவுதான். அதனால் மாரியில் கூடாரம் போடுவதென்றால் அப்பா முதலில் ஆதம்பாவா வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பார். “முகத்துவாரம் எப்ப வெட்டுறியள்?” என்று கேட்பார். பதில் இல்லாவிட்டால் கூடாரமும் இல்லை.

தனோஜன் அப்பாவின் தங்கை மகன், எனக்கு மச்சான். ஆட்களைச் சேர்ப்பது, கூடாரம், சாப்பாடு எல்லாம் அவனுடைய பொறுப்பு. இடம் மட்டும் அப்பாவுடையது. அவனுக்கு வேறொரு இடத்தில் கண் இருந்தது. திரியாய்ப் பக்கம் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் மணல் நாக்குப் போல நீண்டு கிடக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, எதிர்க்கரையில் காடு. படம் எடுத்துப் போட்டால் கொழும்பிலிருந்து ஓடி வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருநாள் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டும் போனான். அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கவில்லையாம்.

“அது நிலமில்லை, தம்பி. மண் வந்து இருக்குது. எழும்பிப் போயிடும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாராம். அப்பா செத்த பிறகுதான் அம்மா எனக்கு இதைச் சொன்னார்.

நான் அரச திணைக்களம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆற்று மட்டம் அளப்பது என் வேலை. லிங்கநகரில் இருக்கிறேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனோஜன் என் வீட்டுக்கு வந்தான். அந்த மணல் நாக்குக்கு மாமா ஓம் என்றுவிட்டார், உயரத்தை மட்டும் மச்சாளைக் கொண்டு ஒருக்கால் பார்ப்பிக்கச் சொன்னவர் என்றான்.

அப்பா என் தொழிலைப் பற்றி அதுவரை எதுவும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா, அவ்வளவுதான் எங்கள் கதை. முதல் தடவையாக என் வேலை அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கே மட்டமானியை எடுத்துக்கொண்டு தனோஜனோடு போனேன். கூடாரம் போடும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஒன்று தசம் ஒன்பது மீற்றர். பக்கத்துப் பாலத்தூணில் இருந்த ஆகக்கூடிய வெள்ள அடையாளம் ஒன்று தசம் மூன்று. இரண்டு தடவை அளந்தேன். இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி, “இவ்விடம் வெள்ளத்தில் மூழ்காது” என்று குறித்து, துஷாந்தி என்று பெயரும் பதவியும் போட்டுக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

அந்தத் தாளில் இருந்த இலக்கம் ஒவ்வொன்றும் சரி. முகத்துவாரம் எப்போது வெட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அதை அப்பா கேட்பார். அந்தக் கேள்வி எப்போதும் அவருடையது.

அடுத்த இரண்டு மூன்று தடவை அப்பாவோடு போனில் கதைத்தபோது அவர் அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை அந்த மணலில் ஆறு கூடாரம், பதினொரு பேர். எட்டு மணிக்கு ஆதம்பாவாவின் ஆட்கள் மறுகரையில் வெட்டத் தொடங்கினார்கள். பத்தரைக்குள் மணல் நாக்கு அடியிலிருந்து பாளம் பாளமாக இடிந்தது. தண்ணீர் மேலே ஏறவேயில்லை, என் கணக்குப்படி. கரைதான் இல்லாமல் போனது. நாலு கூடாரம், அடுப்பு, பைகள் எல்லாம் கடலுக்குப் போயின. ஆட்கள் தப்பிவிட்டார்கள். ஒரு ரீச்சருக்கு மட்டும் கால் முறிந்தது. அப்பா எங்கிருந்தோ வந்து அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தாராம்.

விசாரிக்க வந்தவர்கள் இடத்தைத் தெரிந்தெடுத்தது யார் என்று கேட்டார்கள். தனோஜன் அப்பாவைக் காட்டினான். அப்பா ஓம் என்றார். எழுதிக்கொண்டார்கள். இனிமேல் ஆட்களைக் கூட்டிப்போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள்.

பின்னேரம் நான் வந்து சேர்ந்தேன். அப்பா குசினி வாசலில் கதிரையில் இருந்தார். கட்டியிருந்த சாரத்தில் சேறு காய்ந்திருந்தது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“உயரம் சரி அப்பா. வெட்டுற நாளை ஏன் கேட்கேல்ல? உங்களுக்கு வயசு போயிட்டுது. இனி விடுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார்.

“ஓம்” என்றார்.

என் தாளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதவேண்டும்.

அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் அவர் உட்காரப் போனால், “பாக்கியண்ணை, இந்த வாங்கில இருக்கலாமோ? ஆறு வராதோ?” என்று ஒருவன் கேட்பானாம். எல்லாரும் சிரிக்க அப்பாவும் சிரித்துவிட்டு நின்றபடியே குடிப்பாராம். பிறகு கடைக்குப் போவதை விட்டுவிட்டார். தனோஜனின் தொழில் நடந்தது. வேறொரு ஆளை வைத்துக்கொண்டான். பதினாலு மாதம் இப்படிப் போனது. மார்ச் மாதம் ஒரு காலை, கும்புறுப்பிட்டி பஸ் தரிப்பிடத்தில், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

செத்தவீட்டுக்கு ஆதம்பாவா வந்தார். பந்தலுக்குக் கீழே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தனக்கு ஒரு விசயம் நெஞ்சில் கிடக்குது என்றார். அன்றைக்குக் காலையில் வெட்டத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் கூடாரங்களைக் கண்டிருக்கிறார்கள். உடனே அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறார்.

“‘பாக்கியம் அண்ணன், உங்கட ஆக்கள் மணல்ல கிடக்கிறாங்களே’ எண்டு கேட்டன், புள்ள. ‘என்ர ஆக்கள் ஒருத்தரும் இண்டைக்கு வெளியில இல்லயே’ எண்டாரு. பிறகு ‘ரெண்டு மணித்தியாலம் பொறுங்க, நான் வாறன்’ எண்டாரு. வெட்டின தண்ணிய எப்படிப் பொறுக்கச் சொல்ற? அங்க ஆக்கள் கிடந்ததே அவருக்குத் தெரியாது. விசாரிக்க வந்தவங்களுக்கு ஏன் ஓம் எண்டு சொன்னாரு எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல.”

எனக்கு விளங்கத் தொடங்கியது. செத்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த அன்று தனோஜன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கூடாரங்களைக் கழுவிக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அப்பா அந்த இடத்துக்கு எப்போது ஓம் சொன்னவர் என்று கேட்டேன். அவன் சுற்றி வளைக்கவில்லை. அவர் சொல்லவில்லை, நான்தான் அப்படிச் சொன்னேன், உயரம் சரியென்று ஒரு கடிதம் இருந்தால் மாமாவைச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தேன் என்றான். கடிதம் கிடைத்த பிறகு அவரைக் கேட்கவேண்டிய தேவையே வரவில்லையாம்.

“விசாரிக்க ஆக்கள் வர முன்னமே மாமாவிட்ட உங்கட கடிதத்தைக் காட்டினனான், மச்சாள். ரெண்டு பேரில ஒரு பேரைச் சொல்லத்தானே வேணும்.”

“மூண்டு பேர். உன்ர பேரும் இருந்தது.”

அவன் கூடாரத்தை உதறினான். “எனக்குத் தொழில் போயிருக்கும். உங்களுக்கு அரசாங்க வேலை போயிருக்கும். மாமாவுக்குப் போக என்ன இருந்தது? அவரே சொன்னவர், என்ர பேரைச் சொல்லு, அவளுக்கு ஒண்டும் தெரியவரக் கூடாது எண்டு. சத்தியம் வாங்கினவர். நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தினனான்.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நல்ல பிள்ளையின் பெருமை இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. கரை இடிந்த அன்றைக்கே அப்பா சொல்லியிருக்கிறார். பதினாலு மாதம் நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். வயதாகிவிட்டது, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று அவருக்குப் புத்தி சொன்னேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் போய் விளக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். தண்டனை என்னவோ அதை வாங்கியிருப்பேன். அந்தத் தீர்மானத்தை என்னிடம் கேட்காமலே எடுத்துவிட்டார். என்னை அவ்வளவுதான் மதித்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டியிருந்தது. செத்தவருடைய படத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் போட்டு, அன்றைய அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். தனோஜனும் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தான். “முதுமையில் நேர்ந்த ஒரு தவறைத் தவிர மாசற்றவர்” என்று அதில் ஒரு வரி. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்னிடமிருந்த தாளின் பிரதியைக் கையொப்பத்தோடு போட்டு, கீழே மூன்று வசனம் எழுதினேன். இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தவர் தனோஜன். உயரம் அளந்து எழுதிக்கொடுத்தவர் துஷாந்தி. பாக்கியரத்தினம் வேண்டாம் என்றவர்.

அச்சகத்துக்குக் கொடுக்க முதல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அழவில்லை.

“அந்த மனிசன் உனக்காகத்தான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்தது. இப்ப நீ அதையும் இல்லாமல் பண்ணப்போறாய்” என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் அதை அப்படியே அச்சடித்தேன். வேலைத்தலத்துக்கு நடந்ததை எழுதி ஒரு கடிதமும் போட்டேன்.

அந்தியேட்டிக்கு இருநூறு பேர் வந்தார்கள். வாசித்தார்கள். பந்தலில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தனோஜன் சாப்பிடாமல் போனான். தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். ஆதம்பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். சங்கத்தில் கொடுக்க இன்னும் பத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன்.

எல்லாரும் போன பிறகு அம்மா இலைகளைப் பொறுக்கினார். நானும் சேர்ந்து பொறுக்கினேன்.

“வேலையால நிப்பாட்டினா என்ன செய்வாய்?”

பத்து நாளைக்குப் பிறகு அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

“தெரியாது.”

“உனக்குத் தெரியாதெண்டு அவருக்குத் தெரிஞ்சது” என்று சொல்லிவிட்டு அம்மா இலைகளைக் கொட்டக் கிணற்றடிப் பக்கம் போனார்.